வயிற்றோடு ஒட்டிய பை

நித்யஸ்ரீ முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். ராத்திரி ஒரு வாழைப்பழமும் தயிரில் ஊறவைத்த அவலும். காலையில் காபியைக்கூடத் தொடவில்லை. விமானத்தில் பை நிறைந்துவிடக்கூடாது.

பை என்றால் தோளில் மாட்டும் பை இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுடைய பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் அவள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த, ரத்தமாகப் போய் அவளைப் பாதியாக்கிவிட்ட நோய்க்கு வேறு வழி இருக்கவில்லை. சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். எல்லாம் அதில் வந்து சேரும். நிறையும்போது பாத்ரூமுக்குப் போய் அடியில் திறந்து காலி செய்துவிட்டு மறுபடி மூடவேண்டும். அவ்வளவுதான். பழகிவிட்டால் பல் தேய்ப்பது மாதிரி.

பழகாதது, அதை ஒளித்து வைப்பதுதான்.

சேலையூர் வீட்டில் இது தெரிந்தவர்கள் அவளும் அவள் கணவன் ஸ்ரீவத்சனும் மட்டும். ஆபரேஷன் சமயத்தில் மாமியார் சுந்தரவல்லி கால் எலும்பு முறிந்து கட்டோடு படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கமே வர முடியவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் நித்யா நேரே ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தேறித் திரும்பி வந்த அன்றைக்கே ஸ்ரீவத்சன் அவளிடம் சொல்லிவிட்டான்.

"அம்மாகிட்ட அப்பெண்டிக்ஸ்னு சொல்லியிருக்கேன். நீ எதுவும் சொல்லிண்டிருக்காதே. அம்மா ஆசாரம் பாக்கறவ. தெரிஞ்சா உன்னைச் சமைக்கத் தளிகை உள்ளயே விடமாட்டா. உங்காத்துலயும் அப்படியே சொல்லச் சொல்லி வச்சுட்டேன்."

அதற்கேற்ற மாதிரிதான் சுந்தரவல்லியும் நடந்துகொண்டாள். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்கிற மனுஷி அவள். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்த பழக்கம். அப்படிப்பட்டவள் மருமகளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டது நித்யாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அரைகுறையாகத் தெரிந்து, அருவருத்து, ஒதுங்குகிறாளோ?

இன்றைக்குப் புறப்படுவதற்கு முன்பும் அப்படித்தான் ஆயிற்று. நாத்தனார் சின்மயிக்குப் புனேயில் சீமந்தம். மாமனார் கஸ்தூரிரங்கனும் ஸ்ரீவத்சனும் சீர் பட்சணங்களோடு முன்னாலேயே ரயிலில் போய்விட்டார்கள். நித்யாவால் அவ்வளவு நேரம் ரயிலில் உட்கார முடியாது என்பதால் பெண்கள் இருவருக்கும் விமானம்.

சுந்தரவல்லி கூடத்தில் வளையல் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். நித்யா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டஜன் பச்சை வளையலை எடுத்தாள்.

"நீ விடு. நான் பாத்துக்கறேன்." வளையல் அவள் கையிலிருந்து வாங்கப்பட்டுவிட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "நீ வந்துதான் ஆகணும்னு இல்லை, நித்யா. உடம்பு முடியலைன்னா சின்மயி ஒண்ணும் நினைச்சுக்கமாட்டா."

"இல்லைம்மா. வரேன்."

மங்கல சாமானைத் தொடக்கூடாது. விசேஷத்துக்கு வராமல் இருந்தால் நல்லது. நித்யா எழுந்து உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

கேம்ப் ரோடில் ஸ்கூல் வேன்கள் வரிசை கட்டி நின்றன. டாக்சி ஓட்டிவந்த சவுரிமுத்து ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இன்னாம்மா, ஃபிளைட்டு எத்தினி மணிக்கு? இந்த ரோட்ல வந்தா டெய்லி இதே பேஜார்தான்."

"நேரம் இருக்குப்பா. மெதுவாவே போ," என்ற சுந்தரவல்லி மருமகள் பக்கம் திரும்பினாள். மாமியாருக்கு இது முதல் விமானப் பயணம். "ஏண்டி, அந்த மெஷின்ல பொட்டிக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுமாமே. எக்ஸ்ரேதானா அது?"

"ஆமாம்மா."

"மனுஷாளை?"

"மனுஷாளுக்கு எக்ஸ்ரே இல்லை. மெட்டல் இருந்தா சத்தம் போடும். அப்புறம் கையால தடவிப் பாப்பா."

"எங்கெல்லாம்?"

நித்யாவின் கை தானாக வலது பக்கத் துப்பட்டாவை இழுத்துவிட்டது. "எல்லா இடத்துலயும்தான்."

"அப்படியா!" என்றாள் சுந்தரவல்லி சுவாரசியத்தோடு. குரோம்பேட்டை வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

விமான நிலையத்துக்குள் போனதும் நித்யா முதல் காரியமாகக் கழிவறைக்குப் போய்ப் பையைக் காலி செய்தாள். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். வியர்வையில் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது போல் இருந்தது. தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள். மாற்றுப் பைகளும் பசை டியூபும் துணிகளும் ஒரு பூப்போட்ட சின்னப் பையில் இருந்தன. கத்தரிக்கோலை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஒட்டும் வளையங்களை வீட்டிலேயே அளவாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாம் யோசித்தாயிற்று. ஒன்றே ஒன்று பாக்கி: தடவிப் பார்க்கும்போது மாமியார் பக்கத்தில் இருக்கக்கூடாது.

"அம்மா, நீங்க முன்னாடி போங்கோ. நான் பின்னால வரேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ போ, உன்னைப் பாத்துப் பண்றேன்."

பெண்களின் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குடும்பம் இடித்துக்கொண்டு வந்தது. வாதம் பண்ண நேரமில்லை. பூப்போட்ட பை டிரேயில் போயிற்று. செருப்பு, போன், கைக்கடிகாரம் எல்லாம் போயிற்று. நித்யா திரைக்குள் நுழைந்து சின்ன மேடைமேல் ஏறி நின்று கைகளை விரித்தாள்.

சீருடைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கைக்கருவி சத்தம் போடவில்லை. கையால் தடவியபோது வலது இடுப்புக்கு மேலே விரல்கள் நின்றன.

"இது என்ன மேடம்?"

"மெடிக்கல். வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. பவுச்."

"சரியா கேக்கல. என்ன பவுச்?"

"பவுச்... ஒரு பை. வயித்தோட ஒட்டியிருக்கு."

"பைக்குள்ள என்ன இருக்கு? லிக்விடா?"

திரைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம்," என்றாள் நித்யா.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். அவளும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். விஷயம் மெல்லப் புரிந்து எதிரே இருந்த முகம் சிவந்தது.

"ஸாரி மேடம். நான் பாட்டில் மாதிரி ஏதோன்னு... ஒரு நிமிஷம், எங்க மேடத்தைக் கூப்பிடறேன்."

மேலதிகாரி வந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. கதவு உள்ள ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். துணியை விலக்கச் சொல்லவில்லை. "நீங்களே துணிமேல அந்த இடத்தை நல்லாத் தடவுங்க," என்றாள். பிறகு ஒரு பட்டைத் துணியால் நித்யாவின் உள்ளங்கைகளைத் துடைத்து அதை வெடிமருந்து சோதிக்கும் மெஷினில் வைத்தாள். மெஷின் பச்சை காட்டியது. "போலாம்மா. அடுத்த தடவை வரிசையில நிக்கும்போதே சொல்லிடுங்க, நேரா இங்க கூட்டிட்டு வந்துடுவாங்க."

இதற்காகவா ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டது? நித்யாவுக்குச் சிரிப்புகூட வந்தது. வெளியே வந்து டிரேக்கள் வரும் இடத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

பூப்போட்ட பை திறந்து கிடந்தது. பசை டியூபைப் பார்த்துவிட்டுத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்காத்துப் பெண்ணோடதுதான் என்று, அதற்குள் தன் சோதனை முடிந்து வந்திருந்த சுந்தரவல்லியே திறந்திருக்கிறாள். காவலர் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். சுந்தரவல்லி நகரவில்லை. ஒரு புதுப் பவுச்சைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, வட்டமான வாயின் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நித்யா அவசரமாக அவள் பக்கம் போனாள்.

"இந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்?" என்றாள் சுந்தரவல்லி.

"அம்மா..."

"சிறுகுடலை வெளில வைக்கற இலியாஸ்டமிதானே? பெருங்குடல், கொலாஸ்டமின்னா பெரும்பாலும் இடது பக்கம் இருக்கணும். நீ எப்பவும் வலது பக்கம்தான் துப்பட்டாவை இழுத்து விட்டுப்பே."

"அம்மா, அதை உள்ள வைங்கோ. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டுமே." ஆனாலும் பவுச்சை மடித்து, கசங்காமல், இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை இழுத்தாள். குரலும் இறங்கியது. "அப்போ குடல்லயா ஆபரேஷன் பண்ணினா?"

நித்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வலது இடுப்பில் சூடாக ஏதோ வழிந்தது. தூக்கியிருந்த மூலை.

"அம்மா, நான் பாத்ரூம் போகணும். உடனே."

அவள் முகத்தைப் பார்த்த சுந்தரவல்லி வேறெதுவும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டாள். மாற்றுத் திறனாளிகளுக்கான கழிவறை காலியாக இருந்தது. இருவரும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்கள்.

"நீங்க வெளில இருங்கோம்மா. நாத்தம் வரும்."

"ஃபார்மலின்ல ஊறின தவளையோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். நான் என்ன பிடிச்சுக்கணும், அதைச் சொல்லு."

நித்யா குர்தாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பழைய பையை மெதுவாக உரித்தாள். சுந்தரவல்லி ஈரத்துணியை நீட்டினாள், குப்பைக் கவரை விரித்துப் பிடித்தாள், மறுபடி துணி நீட்டினாள்.

துடைத்து முடித்ததும் அது தெரிந்தது. கொய்யாப்பழத்தின் உள்சிவப்பில், பளபளவென்று, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

சுந்தரவல்லி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"அசையறதே!"

"ஆமாம்மா. எப்பவும் அசைஞ்சுண்டுதான் இருக்கும்."

"பெரிஸ்டால்சிஸ்," என்றாள் சுந்தரவல்லி. கோவிலில் பேசுகிற குரல். "சுருங்கி விரியும், சுருங்கி விரியும்னு எத்தனை பேட்சுக்குச் சொல்லியிருப்பேன். போர்டுல எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன். உயிரோட இன்னிக்குத்தான் பாக்கறேன். வலிக்கறதா?"

"இல்லை. அதுல வலி தெரியற நரம்பு கிடையாதாம். தொட்டாக்கூடத் தெரியாது."

"நீ சாப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருது? தக்காளி சாப்பிட்டா தோல் அப்படியே வருமா? ராத்திரி எழுந்துக்கணுமா?"

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நித்யா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே புது வளையத்தை ஒட்டினாள். தக்காளித் தோல் அப்படியே வரும். கீரையும். வேர்க்கடலை ஆகாது. பத்து நிமிஷத்துக்கு முன் எந்தக் கேள்விகளை நினைத்துப் பயந்தாளோ, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஏன் இப்படித் தாகம் தீர்ந்த மாதிரி இருக்கிறது?

ஸ்ரீவத்சன் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நர்ஸ் பை மாற்றச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு, போன் வருகிறது என்று வராந்தாவுக்குப் போனவன், இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறான்.

"உள்ளங்கையை இதுமேல வச்சு அழுத்திக்கணும்மா. சூட்டுல நன்னா ஒட்டிக்கும்."

"நான் வைக்கட்டுமா? என் கை எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

சுந்தரவல்லியின் உள்ளங்கை பைக்கு மேலே வந்து படிந்தது. நித்யா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு வேறொருவர் கை அங்கே ஆதரவாகப் பட்டது இன்றைக்குத்தான்.

"அம்மா, தெரிஞ்சா தளிகை உள்ள விடமாட்டேள்னு நினைச்சேன்."

"யார் சொன்னா? குடல் இல்லாத மனுஷாள் யாரு? என்னுது உள்ள இருக்கு, உன்னுது வெளில எட்டிப் பாக்கறது." கையை எடுக்காமலே சுந்தரவல்லி கொஞ்ச நேரம் யோசித்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்தது. "சரி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. குடல்ல வியாதி, குடலை எடுத்தா. புரியறது. அதோட கர்ப்பப்பையையும் ஏன் எடுத்தா? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நித்யா கண்ணைத் திறந்தாள்.

"யாருக்கு கர்ப்பப்பை எடுத்தா?"

"உனக்குத்தான்."

"எனக்கு யாரும் எடுக்கலையே."

கழிவறைக்கு வெளியே ஒலிபெருக்கியில் ஏதோ ஊர் பேர் சொன்னார்கள். புனே இல்லை. சுந்தரவல்லி மெதுவாகக் கையை எடுத்தாள்.

"உங்ககிட்ட அப்பெண்டிக்ஸ்னு சொல்லியிருக்கேன்னுதானே ஸ்ரீ சொன்னான்?" என்றாள் நித்யா.

"அப்பெண்டிக்ஸா? என்கிட்டயா? அப்பெண்டிக்ஸ்னா நான் உன்னை நூறு கேள்வி கேட்டிருப்பேனே! கர்ப்பப்பையில கட்டி, எடுத்தாச்சும்மான்னு என் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதான். இனிமே குழந்தை கிழந்தைன்னு அவகிட்டப் பேச்சே எடுக்காதே, ஆபரேஷனைப் பத்தி வாயே திறக்காதே, அவ உடைஞ்சு போயிடுவான்னான். நானும் பல்லைக் கடிச்சுண்டு இருந்தேன். இன்னிக்குக் கார்த்தால அந்த வளையலை நீ கையில எடுத்தப்போ எனக்கு உன் முகத்தைப் பாக்கவே முடியலை. இந்தப் பொண்ணு சீமந்தத்துல எப்படி நிப்பான்னு."

நித்யாவுக்கு வளையல் கைமாறிய விதம் கண்ணில் வந்தது. நான் பாத்துக்கறேன். நீ வந்துதான் ஆகணும்னு இல்லை. அந்தச் சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றின் முகம்தான் மாறிவிட்டிருந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துண்டே இருந்தது," என்றாள் சுந்தரவல்லி. "போன மாசம் கேம்ப் ரோடு மருந்துக் கடையில நாப்கின் வாங்கிண்டு வந்தியே. இவளுக்கு எதுக்கு இதுன்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சுது. கேக்கவும் பயம். ஒரு விலங்கியல் டீச்சர்கிட்டப் போய் இந்தக் கதையைச் சொல்லியிருக்கான் பாரு!"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மூடியிருந்த கம்மோடின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார், நித்யா? குழந்தை விஷயம்?"

"ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் தாராளமாப் பெத்துக்கலாம்னார். ஸ்ரீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். தலையை ஆட்டிண்டே கேட்டுண்டிருந்தான். வெளில வந்ததும் நீ கவலைப்படாதேன்னு கையைப் பிடிச்சுண்டான்."

"அப்ப ஏன்?"

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் பெரிய பொய் எதுவும் சொல்லி அவள் பார்த்ததில்லை. ஏன் என்று அவள் மனசு ஒரு பக்கம் ஓடியது. அவளுக்காகவா? அருவருப்பாலா? இல்லை, குழந்தை வேண்டாம் என்று அவனே முடிவு செய்து, கேள்விகள் வரும் கதவை முன்னாலேயே அடைத்துவிட்டானா? கோபம் வரவேண்டும். வரும். இப்போதைக்கு, மூடிய டப்பா ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

குர்தாவை இறக்கிவிட்டுக் கைகழுவினாள். சுந்தரவல்லியும் எழுந்து அதே குழாயில் கழுவினாள். கண்ணாடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் கேக்கட்டுமா, நீ கேக்கறியா?"

"நான் கேக்கறேன்மா. நீங்க கேட்டா உங்க மடியில விழுந்து அழுவான். நீங்க மன்னிச்சுடுவேள்."

சுந்தரவல்லி பூப்போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

புனே விமானத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். இவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டபோது நித்யாவின் போன் அடித்தது. ஸ்ரீவத்சன்.

"செக்யூரிட்டி முடிஞ்சுதா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"ஒண்ணும் இல்லை. மரியாதையா நடத்தினா."

"அம்மா?"

"பக்கத்துல இருக்கா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உன்கிட்ட ஏதாவது பேசினாளா?"

ஏழு மாதமாகத் தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவன் கேட்கிற கேள்வி. தன்மேல் உள்ள கரிசனம் என்று நித்யா நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அதை உற்றுக் கேட்டாள்.

"பேசினா," என்றாள். "நிறையப் பேசினா."

மறுமுனையில் பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுவதும் மாமனார் எதற்கோ கூப்பிடுவதும் கேட்டன.

"என்ன... என்ன பேசினா?"

"ஃபிளைட் ஏறணும், ஸ்ரீ. நீ ஏர்போர்ட்டுக்குத் தனியா வா. அப்பாவைக் கூட்டிண்டு வராதே."

"நித்யா, இரு, நான் சொல்றேன். அம்மாகிட்ட மட்டும் எதுவும்..."

அவள் துண்டித்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?" என்றாள் சுந்தரவல்லி.

"எதுவும் சொல்லலைம்மா. பயந்துட்டான்."

"கண்டுபிடிச்சுட்டோம்னு பயமா, இல்லை வேற ஏதாவதா?"

வரிசை நகர்ந்தது. நித்யா போர்டிங் பாஸை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாகத்தான் இருந்தது.

"தெரியலைம்மா," என்றாள். "அவன்கிட்ட என்னைப் பாக்கச் சொல்லப்போறேன். முதல்ல இந்தப் பையை. அப்புறம் ஏன்னு கேக்கறேன்."